டவருக்கு எலிப்பொறி வந்த கதை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நீக்கிவிடுவார்கள். காலையில் கோப்பியோடு உட்கார்ந்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்து டவர்களின் படங்கள் ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் வந்து விழும். கேபிள், பேட்டரி, பூட்டு, வேலி, கடைசியாக ஓர் எலிப்பொறி.

இப்போதெல்லாம் டவர் வேலை முடிந்ததும் பரிசோதிக்க மனிதர் வருவதில்லை. வேலை பார்த்தவரே படம் எடுத்து ஓர் ஆப்பில் ஏற்ற வேண்டும். ஆப் பார்த்துவிட்டு சரி, சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லும். அதற்குப் பசிக்காது. மழைக்கு ஒதுங்காது. தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காது.

போன மாதம் நித்யா என்கிற இன்ஜினியர் பெண் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். நான் அவளை நேரில் பார்த்ததில்லை.

"சீனியர்ஸ், ஒரு டவுட். பேராக்குல மட்டும் ஏன் எல்லா டவர் ரூம்லயும் எலிப்பொறி இருக்கணும்? இல்லாட்டி ஆப் ரிஜெக்ட் பண்ணுது. நானும் எத்தனையோ சைட் பாத்துட்டேன், ஒரு எலிகூட மாட்டுனதில்ல லா."

ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். இன்னொருவர் தலைமையக உத்தரவு என்றார். மூன்றாமவர் எலி கேபிளைக் கடித்தால் எவ்வளவு சேதம் என்று ஒரு வீடியோவே அனுப்பிவிட்டார். உண்மையான காரணம் தெரிந்தவள் அந்தக் குழுவில் நான் ஒருத்திதான். "பார்த்துட்டு சொல்றேன்மா" என்று எழுதி அனுப்பினேன். இது அந்தப் பதில். வாட்ஸ்அப்பில் அடங்காது.

முதலில் நான் எங்கே வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தத் தங்கைக்கே அது இன்னும் விளங்கவில்லை. மக்களுக்குக் கைப்பேசி லைன் கொடுக்கும் கம்பெனி ஒன்று. அந்தக் கம்பெனிக்குச் சாமான் விற்று, பொருத்தி, ஓடவைத்துக் காட்டும் கம்பெனி வேறொன்று. நான் இரண்டாவதில் இருந்தேன். லைன் நன்றாக இருந்தால் முதல் கம்பெனி விளம்பரம் போடும். லைன் போனால் எங்களைக் கூப்பிடும். எங்களுக்குக் கீழே, டவரில் ஏறி உண்மையில் வேலை செய்யும் கொந்திராக் ஆட்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கஷ்டம் வந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள். நான் இருந்த காலத்தில் எங்கள் கம்பெனியின் பெயர் மூன்று முறை மாறியது. ஒருமுறை யாருடனோ சேர்ந்தார்கள், பிறகு பிரிந்தார்கள், பிறகு வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை கொடுத்தார்கள். நாற்காலி மட்டும் அதேதான், ஒரு பக்கம் சாயும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெலாப்பாங் கிடங்கில் எட்டு மாதம் பெட்டி பிரித்து ஆணி சரிபார்த்தேன். வெளிநாட்டில் உள்ள தலைமையகத்தில் மூன்று வாரம் குளிரில் நடுங்கிக்கொண்டே பாடம் கேட்டேன். அங்கே கற்ற கருவிகளெல்லாம் ஐந்து வருஷத்தில் செல்லாக்காசு ஆகிவிட்டன. கடைசிவரை உதவியது ஒரே வாக்கியம்தான்: "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."

என் வேலை ஒப்படைப்பு. டவர் தயாரானதும் லைன் கம்பெனியின் இன்ஸ்பெக்டரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் கையில் நாலு பக்கச் சோதனைத் தாள் இருக்கும். குறை கண்டால் எழுதுவார். சின்னக் குறை என்றால் பதினான்கு நாளில் சரிசெய்து படம் அனுப்பலாம், கையெழுத்து அன்றே உண்டு. பெரிய குறை என்றால் கையெழுத்து இல்லை, எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும்.

எனக்கு மேலாளர் இராஜரத்தினம். எல்லோரும் ராஜா சார் என்போம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. மேசையில் எப்போதும் மெங்லெம்பு கச்சான், அந்த ஊர் வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருக்கும். பேச்சு நடக்கும்போது ஒவ்வொரு கச்சானாக உடைத்து, தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டே வருவார். வரிசை மேசை விளிம்பைத் தொட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் கேட்டால் போனில் பதில் சொல்வார். போனில் கேட்டால் நேரில் வரச் சொல்வார். நேரில் கேட்டால் புன்னகைப்பார். "எழுத்துல வேண்டாம்மா" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாசகம். அவர் இருபத்தைந்து வருஷம் மேலாளராக இருந்தார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய ஆதாரம் ஒன்றுகூடக் கிடைக்காது.

நான் ஒப்படைப்புக்கு வந்த புதிதில், சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் ஒரு டவரைத் தயார் செய்துவிட்டு அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மகேஸ், அழகான பிள்ளைக்கு அம்மா ஏன் கன்னத்துல பொட்டு வைக்கிறா?"

"திருஷ்டி படாம இருக்க சார்."

"அப்ப நம்ம டவருக்கு வச்சியா?"

பிறகு விளக்கினார். இன்ஸ்பெக்டரும் ஒரு மனுஷன். வெறும் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நீ போனியா, இல்லை கடையில் உட்கார்ந்து எழுதினியா என்று அவருடைய மேலாள் கேட்பான். ஆகவே ஏதாவது கிடைக்கும்வரை தேடுவார். தேடுகிறவனுக்குப் பெரியதும் கிடைக்கும். அவரைத் தேடவிடுவது பாவம். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு குறையை நாமே வைத்துவிட வேண்டும். ஒன்று போதும். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட வேண்டும். ஆபத்து இல்லாததாக இருக்க வேண்டும். எங்கள் வழக்கம், இரண்டாவது கேபிளில் பெயர்ச்சீட்டை ஒட்டாமல் விடுவது. இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடித்து முகம் மலர்ந்து எழுதிக்கொள்வார். நாங்கள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்போம். அடுத்த வாரம் சீட்டை ஒட்டிப் படம் அனுப்புவோம். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தாயிற்று.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பத்து வருஷம் என் கையில் ஒரு டவர்கூடத் திரும்பியதில்லை. அதில் எனக்குப் பெருமைதான் இருந்தது. கொந்திராக் ஆட்கள் "அக்கா, பொட்டு வச்சாச்சு" என்று செய்தி அனுப்பினால்தான் நான் இன்ஸ்பெக்டருக்கு நாள் குறிப்பேன்.

இந்த நிம்மதியான ஏற்பாட்டுக்குள் என்சிக் சுல் வந்து சேர்ந்தார். என்சிக் என்றால் மலாயில் திரு. கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த புது இன்ஸ்பெக்டர். சொந்தக் கையுறை, சொந்த டார்ச், அளவு நாடா. கேபிள் கட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறாராம். ஒவ்வொரு கேபிளையும் கையால் இழுத்துப் பார்க்கிறாராம். காம்பார் பக்கம் ஒரே வாரத்தில் மூன்று டவர்களைத் திருப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ராஜா சார் நாலைந்து கச்சானை ஒன்றாக உடைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இந்த ஆளுக்கு ஒண்ணு பத்தாது மகேஸ். ரெண்டு வை."

அவருடைய அடுத்த பரிசோதனை ஆத்தங்கரைத் தோட்டம்.

தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பலகையில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கும். நம் சனங்களுக்கு ஆத்தங்கரைத் தோட்டம்தான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டுப் பல காலம் ஆகிறது. ஆனால் பழைய லயத்து வீடுகளில் முப்பது குடும்பங்கள் இன்னும் இருந்தன. லைன் கிடையாது. ஒரு போன் பேச மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டு முச்சந்திக்குப் போக வேண்டும். மனு மேல் மனு போட்டு, கடைசியில் ஒரு தேர்தல் வந்து, டவர் கிடைத்தது.

அதைக் கட்டிய கொந்திராக் ஆட்களுக்குத் தலைவன் குணா. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். டவரில் ஏறுவதற்கு ஒரு பாஸ் உண்டு. அது இல்லாமல் இந்த நாட்டில் எந்த டவரிலும் கால் வைத்து ஏற முடியாது. குணா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்பில் தொங்கவிட்டிருப்பான், கோயிலுக்குப் போகும்போதுகூட. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அந்தப் பாஸ்தான் அவனுக்கு எல்லாம்.

உள்ளடங்கிய டவர்களுக்கு உள்ளூரில் ஒருவரைச் சாவிக்காரராகப் போடுவோம். ஆத்தங்கரைக்கு ஆறுமுகம் அண்ணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பழைய தொழிலாளி, அறுபதைத் தாண்டியவர். புல் வெட்டுவது, அறையைக் கூட்டுவது, பூட்டைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. இடி மின்னலில் கரண்டு பிரேக்கர் விழுந்தால், அறையிலிருந்து ஒரு அலாரம் வயர் வழியாகக் கோலாலம்பூர் மையத்துக்குத் தகவல் போகும். மையம் உடனே சாவிக்காரருக்குப் போன் போடும். அவர் போய் அறையைத் திறந்து பிரேக்கரை மேலே தள்ளிவிட வேண்டும். அதுவரை பேட்டரி தாங்கும். குணா இதை மூன்று முறை செய்து காட்டியபோது ஆறுமுகம் அண்ணன் சிரித்தார்.

"ஒரு சுவிட்சு தட்டுறதுக்கு இம்புட்டுப் பாடமா? நான் ஒரு நாளைக்கு ஐநூறு மரம் வெட்டுனவன்லா."

பரிசோதனைக்கு முந்தின நாள் அலாரத்தைச் சோதித்து, மையத்தோடு பேசி, தாளை நிரப்பியாயிற்று. அன்று சாயங்காலம் குணா போன் செய்தான்.

"அக்கா, லேபல் ஒண்ணு விட்டாச்சு. ரெண்டாவதா என்னா வைக்க? அந்த ஆளு லேபல பாத்துப் பாத்துச் சலிச்சிருப்பாரு."

"நீயே ஏதாவது சின்னதாப் பார்த்து வை குணா."

"அலாரம் வயரக் கழட்டித் தொங்க விடுறேன். பளிச்சுனு தெரியும். அவரு எழுதுனதும் மாட்டிக்கலாம், ஒரு கிளிக்குதான்."

"சரி" என்றேன். நான் ஏதோ கவனமில்லாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அப்படியில்லை. நன்றாகக் கேட்டுத்தான் சொன்னேன். ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும் என்ற விதி நினைவுக்கு வந்தது. ஒரு நாள்தானே என்று தள்ளிவிட்டேன்.

மறுநாள் என்சிக் சுல் வந்தார். நோன்பு மாதம். வெயில் தாழ்ந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆறுமுகம் அண்ணன் மறதியாக எல்லோருக்கும் சிராப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார். என்சிக் சுல் அளந்தார், இழுத்தார், டார்ச் அடித்தார். கதவருகே இரண்டாவது கேபிளில் வெளிச்சம் நின்றது. முகம் மலர்ந்தது. எழுதினார். அலாரம் வயர் தொங்கிய பக்கமும் டார்ச் ஒரு நொடி போயிற்று. பிறகு நகர்ந்துவிட்டது. முதல் துளி விழுந்ததும், "சுக்கோப் லா" என்றார், போதும் என்று. கையெழுத்துப் போட்டார். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும். வண்டி போய்விட்டது. மழை வலுக்குமுன் நானும் குணாவும் அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் நான் குணாவுக்குக் குறைப் பட்டியலை அனுப்பினேன். பட்டியலில் ஒரே வரி: இரண்டாவது கேபிளுக்குப் பெயர்ச்சீட்டு. அவன் தன் ஆளை அனுப்பினான். ஆள் சீட்டை ஒட்டினான், படம் எடுத்தான், பூட்டிவிட்டு வந்தான். பட்டியலில் என்ன இருந்ததோ அதைச் செய்தான். நான் படத்தைப் பார்த்துக் கோப்பை மூடினேன். அந்த அலாரம் வயர் என் நினைவுக்கு வரவே இல்லை. எங்கள் தொழிலில் எழுதப்பட்டதுதான் குறை. எழுதப்படாததற்குக் கோப்பு கிடையாது, கோப்பு இல்லாததற்கு ஆள் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயர் கழன்று கிடந்தால் அதற்கென்று ஓர் அலாரம் வராது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்கும் எதுவுமே மாட்டப்படவில்லை என்பதற்கும் மையத்தின் திரையில் ஒரே பச்சைதான்.

ஐந்து மாதம் பச்சையாகவே இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் கிந்தா பக்கம் வழக்கமான இடி. ஆத்தங்கரையில் பிரேக்கர் விழுந்தது. மையத்துக்குத் தெரியாது. யாரும் ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிடவில்லை. பேட்டரி மறுநாள் காலைவரை தாங்கிவிட்டு ஒன்பது மணிவாக்கில் செத்தது. தோட்டம் முழுக்க லைன் போயிற்று. டவரே செத்த பிறகுதான் மையத்துக்குத் தெரிந்தது, ஈப்போவிலிருந்து பழுது பார்க்கும் ஆட்கள் புறப்பட்டு வர மத்தியானமாகிவிடும்.

பத்து மணிக்கு ஆறுமுகம் அண்ணன் டவர் வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். புல் வெட்டும் மெஷின் சத்தத்தில் குளவிக் கூடு கலைந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் கொட்டு. விழுந்துவிட்டார். அவர் மனைவி போனை எடுத்து ஆம்புலன்சுக்கு அடித்திருக்கிறார். நூறு அடி தூரத்தில் டவர் நிற்கிறது, போனில் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரில் முச்சந்திக்கு ஓடினார். கடைசியில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது. மூன்று வாரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். உயிர் பிழைத்தார். இடது கண் பாதிதான் திறந்தது.

முந்தின சாயங்காலம் ஒரு போன் அவருக்குப் போயிருந்தால், அவரே எழுந்து போய் அந்த சுவிட்சைத் தட்டியிருப்பார். செய்தி கேட்ட அன்று நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அதுவும் என் வேலைதான்.

தோட்டத்து மக்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். லைன் கம்பெனி எங்களிடம் மூலகாரண அறிக்கை கேட்டது. அதற்கு எங்கள் தலைமையகத்தில் ஒரு முறை இருந்தது. ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது பதில்தான் மூலகாரணம். நான் எழுதினேன். டவர் ஏன் செத்தது? பேட்டரி தீர்ந்தது. ஏன் தீர்ந்தது? கரண்டு போனது மையத்துக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? அலாரம் வயர் கழன்று கிடந்தது. ஏன் கழன்று கிடந்தது? குணா கழற்றினான். ஏன் கழற்றினான்? நான் சரி என்றேன்.

ராஜா சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். கச்சான் பொட்டலத்தைத் தொடவில்லை.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா எழுத்துல வேண்டாம்."

"அறிக்கை எழுத்துலதானே சார் கேட்டிருக்காங்க?"

"நாலோட நிறுத்திக்கலாமே. நாலாவது உண்மைதானே? பொய் ஒண்ணும் இல்லையே."

நாலோடு நிறுத்தினால் குணாவின் பாஸ் ரத்து. நாடு முழுக்க எந்த டவரிலும் ஏற முடியாது. ஐந்தையும் எழுதினாலும் அவன்தான் முதலில் போவான், கழற்றிய கை அவனுடையது. அதற்குப் பிறகுதான் நான். ரெண்டு வை என்று சொன்னவரை அந்தத் தாள் எட்டவே எட்டாது, அவர் எதையும் எழுதவில்லையே. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவரிடம் பாடம் கேட்டு, பத்து வருஷம் அதையே பெருமையாகச் செய்தவள் நான்தானே.

அன்று மத்தியானம் என்சிக் சுல்லே என்னைக் கூப்பிட்டார். ஈப்போ கிரீன்டவுனில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக்கை ஆறவிட்டுவிட்டு, தணிந்த குரலில் மலாயில் சொன்னார்: "அந்த வயரை நான் பார்த்தேன்."

பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் ஒரு குறை வைப்பது எல்லா இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், அக்கா. நானும் ஒன்று எழுதினேன். இரண்டாவதையும் எழுதினால் அது அலாரம், எங்கள் ஆபீஸ் அதைப் பெரிய குறையாக்கிவிடும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மழை வேறு. பாவம் என்று விட்டுவிட்டேன். நீங்களே வைத்ததுதானே, நீங்களே எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்."

கழற்றியவனுக்குத் தெரியும். சரி என்றவளுக்குத் தெரியும். பரிசோதித்தவருக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்திருந்ததால்தான் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

என்சிக் சுல் கண்ணாடிக் குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். அவருக்கும் வீட்டில் நாலு பிள்ளைகள். பிறகு ஒரே வார்த்தை சொன்னார்: "தீக்கூஸ்." எலி.

ராஜா சாரிடம் போய்ச் சொன்னேன். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு கலைஞனைக் கண்ட ரசிகனின் மலர்ச்சி. "எலிக்குப் பாஸ் கிடையாதே, ரத்து பண்ண முடியாது" என்றார். வயர் ஏன் கழன்றது? எலி இழுத்தது. எலி எப்படி வந்தது? அறையில் பொறி இல்லை. ஐந்து ஏன்களும் அழகாக நிறைந்தன. மாற்று நடவடிக்கை: பேராக் மாநிலத்தின் எல்லா டவர் அறைகளிலும் எலிப்பொறி. சோதனைத் தாளில் ஒரு கேள்வி கூடியது, தாள் ஆப்பாக மாறியபோது கேள்வியும் கூடவே ஏறிக்கொண்டது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்று தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அடுத்த ஒரு வருஷத்துக்குள் கொந்திராக் ஆட்கள் பெயர்ச்சீட்டை விட்டுவிட்டு, பொறியை வைக்காமல் விடுவதையே பொட்டாக்கிக்கொண்டார்கள். நித்யா, உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் அறிக்கைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அறையில் எலி நடமாட்டம் இருந்ததாகச் சாவிக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் குணாவும் ஆத்தங்கரைக்குப் போனோம். ஆறுமுகம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பாதி ஆளாக மெலிந்திருந்தார். சாவி மட்டும் கழுத்துக் கயிற்றில் தாயத்தோடு தொங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"எலியா? அந்த ரூம நாந்தானே தங்கச்சி கூட்டுறேன். அங்க ஒரு கரப்பான்கூடக் கெடையாதே."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டு, வயர், நான் சரி என்றது. குணா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மனைவி அடுப்படிக்குள் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறுமுகம் அண்ணன் தாளை வாங்கிக்கொண்டு குணா பக்கம் தலையை ஆட்டினார்.

"நான் கையெழுத்துப் போடலன்னா இவனுக்கு என்னாவும்?"

"பாஸ் போயிரும்ணே" என்றேன்.

"எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கினார். "கோணலா இருக்கும். இந்தக் கண்ணு சரியாத் தெரியல."

கோணலாகத்தான் இருந்தது. தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "அது கெடக்கட்டும். அந்த வயர இப்ப மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

நான் குணாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

நாங்கள் மூவரும் டவருக்கு நடந்தோம். அவர் மெதுவாக வந்தார். அறையில் பளபளவென்று புது எலிப்பொறி, கருவாட்டுத் துண்டுகூட வைத்திருந்தது. குணாவின் ஆள் போன வாரமே வந்து வைத்து, படம் எடுத்து அனுப்பியாயிற்று. அதற்கு நேர் மேலே அலாரம் வயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, விசாரணை முடியும்வரை தொடாதே என்ற சிவப்பு அட்டையோடு. அந்தக் கையெழுத்தோடு விசாரணை முடிந்துவிட்டது. மாற்று நடவடிக்கையில் பொறி என்று மட்டுமே எழுதியிருந்தேன்.

அட்டையைக் கிழித்துவிட்டு வயரை நானே மாட்டினேன். ஒரு கிளிக்குதான். சோதித்துப் பார்க்க பிரேக்கரைக் கீழே தள்ளினேன். பேட்டரி எடுத்துக்கொண்டது. ஆறுமுகம் அண்ணன் வாசலில் ஒரு கேபிள் உருளைமேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"தங்கச்சி, கோலாலம்பூர்லேருந்து. இங்க கரண்டு போயிருச்சாம். போய்ப் பாக்க முடியுமான்னு கேக்குறாங்க."

நான் பிரேக்கரிடம் கையைக் கொண்டுபோனேன். "இரு, அது என் வேல" என்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து, சுவரைப் பிடித்து உள்ளே வந்து, அந்தப் பாதிக் கண்ணால் தேடி, பிரேக்கரை மேலே தள்ளிவிட்டு, கரண்டு வந்துவிட்டது என்று மலாயில் சொன்னார். எல்லாம் முடிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.